பழைய திறந்த காரில் ரோல் பார்: வைத்திருப்பதா, கழற்றுவதா?

ரோல் பார் என்பது கூரை இல்லாத, அல்லது துணிக்கூரை மட்டுமே உள்ள காரில், இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தப்படும் எஃகுக் குழாய் வளையம் ஆகும். கார் தலைகுப்புறக் கவிழ்ந்தால் அதன் எடையைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களின் தலைக்கும் தரைக்கும் நடுவே ஓர் இடைவெளியை விட்டுவைப்பதே இதன் வேலை. 1960களிலும் 1970களிலும் பிரிட்டனில் செய்யப்பட்ட இரண்டு இருக்கைத் திறந்த கார்கள் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையை விட்டு வரும்போது இந்த வளையம் கிடையாது. பின்னாளில் யாரோ ஓர் உரிமையாளர் பொருத்தியிருப்பார். கை மாறிக் கை மாறி அந்தக் கார் வந்து சேரும்போது, புதிதாக வாங்கியவர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. இதை இப்படியே விட்டுவைப்பதா, கழற்றிவிடுவதா?

"பாதுகாப்புக்காகப் போட்டதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் பதில். இந்தப் பதில் பாதிதான் சரி. நன்றாகச் செய்து, சரியான இடத்தில் பொருத்திய வளையம் உயிரைக் காக்கும். அதே வளையம் வேறொரு காரில், வேறோர் உயரமுள்ள ஓட்டுநரின் பின்மண்டைக்கு நான்கு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டிருந்தால் சாதாரண மோதலைக்கூட ஆபத்தாக்கிவிடும். எனவே காரையும் பார்க்க வேண்டும், வளையத்தையும் பார்க்க வேண்டும், உட்காருகிறவரையும் பார்க்க வேண்டும். பொதுவாகப் பேசுவதைவிட ஒரு காரை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும் என்பதால், இங்கே எம்ஜிபி எனும் காரை முன்வைத்து விளக்கப்படுகிறது.

பெயரில் ஒரு குழப்பம்

ரோல் பார், ஆன்ட்டி-ரோல் பார் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஆன்ட்டி-ரோல் பார் என்பது காரின் அடியில், இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்துக் கிடக்கும் கம்பி. வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்வதை அது குறைக்கும். ரோல் பார் சாய்வதையும் தடுக்காது, கவிழ்வதையும் தடுக்காது. கவிழ்ந்த பிறகுதான் அதற்கு வேலை. தமிழில் சொல்வதானால் கவிழ்காப்பு வளையம் எனலாம். விற்பனை விளம்பரங்களில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி மாறி மாறி வருவதால், தொலைபேசியில் விசாரிக்கும்போதே எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

எம்ஜிபி

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் தயாரானது. 1798 கன செ.மீ. எஞ்சின், சுமார் 920 கிலோ எடை, இரண்டு இருக்கை. 1965-இல் வந்த மூடிய கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. இன்றும் உதிரிப்பாகங்கள் எளிதாகக் கிடைப்பதாலும், வீட்டு முற்றத்திலேயே பழுது பார்த்துக்கொள்ள முடிவதாலும், பழைய கார்ப் பிரியர்களில் பலருக்கு இதுவே முதல் காராக அமைகிறது.

நம் கேள்விக்கு வேண்டியவை இந்தக் காரின் மூன்று இயல்புகள்.

முதலாவது, இதற்கு முந்தைய எம்ஜிஏ காரைப் போல இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. வளைத்து ஒட்டிய தகடுகளே உடலும் எலும்பும். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். கூரை இல்லாத இந்தக் காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு இந்தச் சில்லுக்கே உரியது. உள்ளிருந்து துருப்பிடிப்பதும் இதுதான்.

இரண்டாவது, முன்கண்ணாடியின் சட்டம் உடலோடு ஒட்டியதன்று. அலுமினியச் சட்டமாகத் தனியே செய்து போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். காற்றைத் தடுக்க அது போதும். கவிழ்ந்த காரின் எடையைத் தாங்கும் என்று நம்பி உட்கார முடியாது.

மூன்றாவது, இருக்கை. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் தயாரான கார்களுக்குத் தலையணை கட்டாயம் ஆனது. அதற்கு முந்தைய எம்ஜிபிகளில் இருக்கையின் முதுகு தோள்பட்டை அளவிலேயே முடிந்துவிடும். தலைக்குப் பின்னால் ஒன்றுமே இராது. இந்த மூன்றாவது செய்தி பின்னால் மிகவும் தேவைப்படும்.

திறந்த கார்கள் ஒழிந்துவிடும் என்று அஞ்சிய காலம்

1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் அமெரிக்காவில் கார்ப் பாதுகாப்பைப் பெரிய அரசியல் பேச்சாக்கியது. அடுத்த ஆண்டே போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கவிழும் கார்களுக்கும் விதி வரப்போகிறது, கூரையில்லாத கார்களை இனி விற்கவே முடியாது என்று உற்பத்தியாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் சில அழகான கார்களை உருவாக்கியது என்பது வேடிக்கை. 1965-இல் போர்ஷே நிறுவனம் 911 டார்கா வகையைக் காட்சிக்கு வைத்தது. அதில் இருக்கைகளுக்குப் பின்னால் அகலமான நிலையான வளையம். மேலே பளபளக்கும் எஃகு உறை. 1970-இல் வந்த டிரயம்ஃப் ஸ்டாக் காரில் குறுக்கு வளையத்தோடு, முன்கண்ணாடிச் சட்டம் வரை ஓடும் நடுத்தண்டும் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்தைப் போலிருக்கும். கூரையில்லாத உடல் முறுக்கிக்கொண்டு அதிர்வதைக் குறைப்பதும் அந்தத் தண்டின் நோக்கம்.

எதிர்பார்த்த தடை வரவில்லை. 1972-இல் கிரைஸ்லர் நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த கார்களை அடியோடு ஒழித்துவிடும் விதியைக் கொண்டுவர அந்தப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை என்ற வகையில் தீர்ப்பளித்தது. 1973-இல் நடைமுறைக்கு வந்த கூரை வலிமை விதியும் திறந்த கார்களுக்கு விலக்கு அளித்தது. அன்றைய அந்த விதிப்படி மூடிய காரின் கூரை, வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியிருந்தது. எம்ஜிபி போன்றவற்றுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. அதாவது, இந்தக் கார்களில் கவிழ்காப்பு என்பது தொடக்கத்திலிருந்தே உரிமையாளரின் பொறுப்பாக விடப்பட்டது. 1979-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலேயில் நிலையான வளையத்தைத் தொழிற்சாலையிலேயே வைத்தார்கள். ஜெர்மானியர்கள் அதைக் கைப்பிடி வைத்த கூடைபோல இருக்கிறதென்று 'ஸ்ட்ராபெர்ரிக் கூடை' என்று கேலி செய்தார்கள். 1989-இன் மெர்சிடிஸ் எஸ்எல் வகையில் படுத்துக் கிடக்கும் வளையம், கவிழப்போவதை உணர்ந்தவுடன் 0.3 விநாடியில் எழுந்து நிற்கும். எம்ஜிபி உற்பத்தி அந்த மெர்சிடிஸ் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது.

தாழ்ந்த கார் எப்படிக் கவிழும்?

ஒரு கார் எவ்வளவு எளிதில் கவிழும் என்பதைச் சொல்ல ஒரு சின்னக் கணக்கு உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, காரின் ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். எம்ஜிபியின் சக்கர அகலம் சுமார் 1.25 மீட்டர். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் விடை 1.25 வரும். தன் எடையைப் போல ஒன்றேகால் மடங்கு விசை பக்கவாட்டில் தள்ளினால்தான் கார் சாயும் என்பது இதன் பொருள். சாதாரண டயர் உலர்ந்த சாலையில் தரக்கூடிய பிடிப்போ, காரின் எடையைவிடக் குறைவு. ஆகவே சமதளச் சாலையில் வேகமாகத் திருப்பினால் இந்தக் கார் வழுக்கிச் செல்லுமே ஒழியக் கவிழாது.

"அப்படியானால் ரோல் பாரே வேண்டாமே" என்று இங்கே முடிவு கட்டிவிடக் கூடாது. கவிழும் கார்களில் மிகப் பெரும்பாலானவை வெறும் சாலையில் கவிழ்வதில்லை. வழுக்கிப் போகும் கார் சாலையோரக் கல்லில் இடறும், இளகிய மண்ணில் சக்கரம் புதையும், பள்ளத்தில் இறங்கும், இன்னொரு வண்டி பக்கத்தில் வந்து மோதும். கால் தடுக்கினால் ஒல்லியானவரும் விழுவார், குட்டையானவரும் விழுவார். அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி நூறு விபத்துகளில் இரண்டு மூன்றுதான் கவிழ்வு. ஆனால் காரில் சென்று இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்த இரண்டு மூன்றில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீட் பெல்ட் போடாதவர்கள். அரிதாக வரும், வந்தால் கொடியது. இதுதான் இந்த ஆபத்தின் குணம். பின்னாலிருந்து இடிபடுவது இதற்கு நேர்மாறானது. அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் லேசாக முடியும். ரோல் பாரைப் பற்றிய முடிவு இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான்.

1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபிக்குக் கருப்பு ரப்பர் பம்பர் வந்தபோது, காரின் உயரமும் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கூட்டப்பட்டது. போதாததற்கு, சில ஆண்டுகள் முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரையும் நீக்கிவிட்டு, 1977 மாதிரியில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த இடைக்காலக் கார்கள் வளைவுகளில் அதிகம் சாயும். அதற்கு மருந்து அடியில் ஒரு நல்ல ஆன்ட்டி-ரோல் பார் போடுவதுதான். மேலே நிற்கும் வளையம் இதற்கு உதவாது.

தாங்கும் வளையமும் அலங்கார வளையமும்

காரில் இருப்பது உண்மையான கவிழ்காப்புதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் கம்பீரமாக நின்று, கையால் ஆட்டினால் ஆடும் வளையங்கள் ஏராளம். குரோம் பூசியவை பெரும்பாலும் அழகுக்கானவை. குரோம் பூச்சே குற்றம் என்று சொல்ல வரவில்லை. பந்தயக் கார்களில் அதைக் காண்பது அரிது என்பதைக் கவனித்தாலே போதும்.

குழாயின் அளவைப் பார்ப்போம். சர்வதேசக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, முதன்மை வளையத்துக்குக் குளிர்நிலையில் இழுத்த, மூட்டு இல்லாத கார்பன் எஃகுக் குழாயைக் கேட்கிறது. வெளி விட்டம் 45 மி.மீ., சுவர்த் தடிப்பு 2.5 மி.மீ.; அல்லது 50 மி.மீ.க்கு 2 மி.மீ. சாலையில் ஓடும் காருக்கு இந்த விதி கட்டாயமில்லை என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். விட்டம் ஏன் முக்கியம் என்றால், ஒரே தடிப்புள்ள குழாயின் வளையாத் தன்மை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 38 மி.மீ. குழாயை விட 45 மி.மீ. குழாய் பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் விறைப்பில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். விட்டத்தை வெளியிலிருந்து அளந்துவிடலாம். தடிப்பை அளக்க ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்த வளையங்களும் உலகில் உண்டு. நீளவாக்கில் மூட்டுக் கோடு தெரிகிறதா என்று உட்புறம் விளக்கடித்துப் பார்ப்பது வீண் வேலையன்று.

அடுத்தது பின்தாங்கிகள். வளையத்தின் மேற்பகுதியிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து இறங்கும் இரண்டு குழாய்களைத்தான் சொல்கிறேன். தனியே நிற்கும் வளையம், இழுகயிறு கட்டாத பந்தக்கால் போன்றது. மேலிருந்து நேராக அழுத்தினால் தாங்கும்; முன்னிருந்து பின்னோக்கித் தள்ளினால் அடியோடு மடங்கும். கவிழும் கார் சும்மா கிடக்காது, சறுக்கிக்கொண்டே போகும். ஆகவே தள்ளு விசை இல்லாமல் இராது. எஃப்ஐஏ விதியில் இந்தத் தாங்கிகள் நேராகவும், செங்குத்துக்கோட்டிலிருந்து குறைந்தது 30 பாகை சாய்ந்தும் இருக்க வேண்டும். பின்தாங்கியே இல்லாத வளையத்தைக் கவிழ்காப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விடுவதே விவேகம் என்பேன்.

பாதங்கள்தான் எல்லாவற்றிலும் முக்கியம், எல்லோரும் பார்க்க மறப்பதும் அவற்றைத்தான். கால் மில்லிமீட்டர்க் கணக்கில் துருவால் மெலிந்துபோன தகட்டில் மிக நல்ல வளையத்தை நிறுத்தினாலும், கவிழ்ந்த நொடியில் அது தகட்டைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால்தான் முதன்மை வளையத்தின் ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டுத் தகடு வேண்டும், அந்தப் பாதம் ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. உயர்தர போல்ட் மூன்றாவது வேண்டும் என்கிறது அந்த விதி. எம்ஜிபிக்கான பல வளையங்கள் பின்சக்கரங்களை மூடும் உள்வளைவுத் தகட்டில் நிற்கின்றன. அந்தத் தகட்டின் அடிப்பக்கம் நாள்தோறும் சேற்றுத் தண்ணீர் அடிபடும் இடம். மேலே கம்பளம் ஒட்டியிருப்பார்கள். கம்பளத்தை உரித்து, கீழே சக்கரப் பக்கமிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பொடிந்து விழுந்தால் வளையத்தைப் பற்றிய பேச்சே அப்புறம்தான். முதலில் வெல்டிங் பட்டறை. சில்லும் அப்படியே, உள்ளே துருவேறிய சில்லுள்ள எம்ஜிபிக்கு ரோல் பாரைக் காட்டிலும் அவசரமான வேலை காத்திருக்கிறது.

கடைசியாக உயரம். இதற்கு ஒரு துடைப்பக் கட்டை போதும். ஓட்டுநர் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார, வளையத்தின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை கட்டையை நேராக வைக்க வேண்டும். தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பந்தயத் திடலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இதைச் செய்து பார்ப்பார்கள். வளையம் ஹெல்மெட்டைவிட இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்கவும் எதிர்பார்ப்பார்கள். எம்ஜிபியில் முன்கண்ணாடிச் சட்டம் பாரம் தாங்காது என்பதால், இந்தச் சோதனையில் தேறுவது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. ஓட்டுநரின் தலையைவிடத் தாழ்ந்த வளையம் கவிழ்ந்தால் எதைக் காக்கும் என்று கேட்டால், இருக்கையின் முதுகைக் காக்கும் என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைக்குப் பின்னால் ஓர் இரும்பு

இப்போது தராசின் மறுதட்டு. பந்தயத்தில் ரோல் பார் தனியாக வருவதில்லை. ஹெல்மெட், விறைப்பான பந்தய இருக்கை, பல முனைப் பட்டை ஆகியவற்றோடு சேர்ந்தே வருகிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வளையத்தை மட்டும் சாலைக் காருக்குக் கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

சிவப்பு விளக்கில் நிற்கும் எம்ஜிபியைப் பின்னால் வந்த வண்டி இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் முன்னே பாய்கிறது. உடல் இருக்கையில் அழுந்துகிறது. பழைய இருக்கையின் முதுகு அந்த அழுத்தத்தில் பின்னோக்கி வளையும். தலையணை இல்லாவிட்டால் தலையும் கழுத்தும் இன்னும் பின்னே போகும். வளையம் இல்லாத காரில் இதனால் கழுத்துச் சுளுக்கும் அதைவிடப் பெரிய காயமும் வரலாம். வளையம் உள்ள காரில், போகும் வழியில் எஃகுக் குழாய் நிற்கிறது. ஹெல்மெட் இல்லாத தலை அதில் மோதினால் என்னவாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பக்கவாட்டு மோதலிலும் தலை தோளுக்கு வெளியே வீசப்படும்போது வளையத்தின் வளைவுப் பகுதி அருகே இருக்கும்.

ஆகவே உயரச் சோதனையைப் போலவே தூரச் சோதனையும் வேண்டும். இருக்கையை நம் கால் நீளத்துக்கு ஏற்றபடி தள்ளி வைத்து உட்கார்ந்து, தலையைப் பின்னே முழுக்கச் சாய்த்துப் பார்க்க வேண்டும். வளையத்தில் தலை படுகிறதா? பட்டால், அந்த உயரமுள்ளவர் அந்தக் காரை அப்படியே ஓட்டக் கூடாது. உயரமானவர்கள் இருக்கையை முழுக்கப் பின்னே தள்ளித்தான் எம்ஜிபியில் உட்கார முடியும் என்பதால் இந்தச் சிக்கல் அவர்களுக்கே அதிகம். கணவர் ஓட்டும்போது ஆபத்தாக உள்ள அதே வளையம், குள்ளமான மனைவி ஓட்டும்போது எட்டாத தூரத்தில் இருக்கலாம். பக்கத்து இருக்கையையும் இப்படியே சோதிக்க வேண்டும். அங்கே உட்காருபவர் பெரும்பாலும் இந்த முடிவில் கலந்துகொள்ளாதவர் என்பதால் அவர் தலைக்கு இன்னும் கூடுதல் கவனம் தர வேண்டும்.

வளையத்தைச் சுற்றி மெத்தை உறை போட்டால் சரியாகிவிடாதா? எந்த உறை என்பதைப் பொறுத்தது. ஏசிக் குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற கருப்பு நுரையைச் சுற்றியிருப்பார்கள். விரலால் அமுக்கினால் குழாய் தட்டுப்படும். தலைக்கும் அப்படியே தட்டுப்படும். பந்தயத் தரச் சான்று பெற்ற உறை கைக்குக் கட்டியாக இருக்கும். கட்டியாக இருப்பதால்தான் மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அதுவும் ஹெல்மெட் போட்ட தலையை மனத்தில் கொண்டே பெரும்பாலும் செய்யப்பட்டது. வெறும் தலைக்கு உறை உதவி செய்யும், உத்தரவாதம் தராது. உயரமான தலையணை வைத்த, முதுகு எளிதில் மடங்காத இருக்கையை மாற்றுவது இதைவிடப் பெரிய பயன் தரும். பின்னாள் எம்ஜிபிகளின் தலையணை வைத்த இருக்கைகளை முந்தைய கார்களில் பொருத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பெல்ட் இல்லாமல் வளையம் இல்லை

கவிழும் காரில் பெல்ட் போடாதவர் இருக்கையில் இருக்க மாட்டார். கூரையில்லாத காரிலிருந்து அவர் வெளியே எறியப்படுவார். அல்லது பாதி வெளியேறிய நிலையில் அதே வளையத்துக்கும் தரைக்கும் நடுவே சிக்குவார். எனவே பெல்ட் சரியில்லாத காரில் ரோல் பாரைப் பற்றி யோசிப்பது, அடுப்பு இல்லாத வீட்டில் பாத்திரம் வாங்குவது போல. வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் கொண்டுவந்துவிட்டாலும், 1960களின் தொடக்கக் கார்கள் பல பெல்ட்டே இல்லாமலோ, இடுப்புப் பெல்ட் மட்டும் கொண்டோ வந்தன. இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ளவரின் மேலுடல் எல்லாத் திசையிலும் வீசப்படும். பின்னே திரும்பும் வழியில் வளையம் இருக்கும். தானே சுருளும் மூன்று முனைப் பெல்ட்டைச் சரியான பிடிப்பு இடத்தில் போட்ட பிறகுதான் வளையத்துக்கு அர்த்தம் வருகிறது.

சிலர் ஒரு படி மேலே போய்ப் பந்தயத்துக்கான நான்கு முனைப் பட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அது உடலை நிமிர்த்தியபடியே கட்டிப்போடும். தாழ்ந்த வளையமோ, வளையமே இல்லாத காரோ கவிழ்ந்தால், குனியவும் சாயவும் முடியாத தலைதான் முதலில் தரையைத் தொடும். அந்தப் பட்டையும் உயரமான உண்மை வளையமும் ஒன்றில்லாமல் ஒன்று கூடாது.

அன்றாடத் தொல்லைகள்

வளையம் நின்றால் சில எம்ஜிபிகளில் துணிக்கூரையின் சட்டம் முழுதாக மடங்காது. இருக்கைகளுக்கு மேல் போர்த்தும் மூடுதுணியை வளையத்துக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க வேண்டும். 1974 வரையிலான கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால், ஒரு மூடிக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். வளையத்தின் குறுக்குக் குழாய் அந்த மூடியைத் திறக்க விடாமல் செய்தால் ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான். வளையம் போட்டால் காரின் உடல் விறைப்பாகி அதிர்வு குறையும் என்று சொல்வதுண்டு. எம்ஜிபி முறுக்கிக்கொள்வது கதவுத் திறப்புகளின் வழியே. அதற்குப் பின்னால் நிற்கும் ஒரு வளையம் அதை அதிகம் மாற்றாது.

மூல வடிவம் என்ற வாதம்

பழைய கார் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, ட்யூரின் சாசனம் என்ற ஆவணத்தில், கட்டடங்களையும் சிலைகளையும் பேணுவதற்கான அதே அக்கறையைப் பழைய வண்டிகளுக்கும் கேட்கிறது. பாதுகாப்புக்காகவோ சட்டத்துக்காகவோ மாற்றம் செய்ய வேண்டுமானால், அது மூலப்பொருளைக் குறைவாகத் தொட வேண்டும், திரும்ப எடுத்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தப் பார்வையில் போல்ட் போட்ட வளையம் பெரிய குற்றமில்லை, நான்கைந்து துளைகளோடு போய்விடும். உடல் தகட்டோடு வெல்டிங் செய்தது வேறு. அதை எடுக்க அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் மூலத் தகடு கொஞ்சம் போகும்.

இன்னொரு கோணமும் உண்டு. எம்ஜிபி 1963 முதல் 1965 வரை லு மான் பந்தயத்தில் ஓடிய குலம். மன்றப் பந்தயங்களிலும் மலையேற்றப் பந்தயங்களிலும் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறது. 1970களில் பந்தயத்துக்காகப் போட்ட வளையம் அந்தக் குறிப்பிட்ட காரின் வரலாற்றில் ஒரு பக்கம். பழைய பந்தயச் சான்றிதழ், புகைப்படம், பதிவுப் புத்தகம் ஏதாவது அதனுடன் வந்திருந்தால், வளையத்தைக் கழற்றுவது மூல வடிவத்துக்குத் திரும்புவதாகாது. ஓர் ஆவணத்தைக் கிழிப்பதாகும். எதுவும் இல்லாத, பத்தாண்டுகளுக்கு முன் யாரோ தோற்றத்துக்காகப் போட்ட வளையத்துக்கு இந்த மரியாதை தேவையில்லை.

முடிவு எப்படி அமையும்?

பந்தயத் திடலிலோ மலையேற்றப் போட்டியிலோ ஓட்டப்போகும் காருக்கு யோசனையே வேண்டாம். வளையம் இருக்க வேண்டும், அதுவும் அந்தந்தப் போட்டி விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

சாலையில் மட்டும் ஓடும் காரில், பின்தாங்கியும் நல்ல பாதங்களும் உள்ள உயரமான வளையம், மூன்று முனைப் பெல்ட், தலையணை வைத்த இருக்கை, சாய்ந்தாலும் தலை எட்டாத தூரம் ஆகிய அனைத்தும் இருந்தால் அதை வைத்திருப்பதே என் பரிந்துரை. தோற்றம் கெடுகிறது என்பதற்காக அதைக் கழற்றுவது சரியான பேரமாகத் தெரியவில்லை. தலை எட்டுகிறது, ஆனால் வளையம் நல்லது என்றால், இருக்கையை மாற்றியோ அதன் தண்டவாளத்தை முன்னே நகர்த்தியோ தூரத்தைக் கூட்ட முடியுமா என்று முதலில் பார்க்கலாம். முடியாவிட்டால், கவிழ்வதைவிடப் பலமடங்கு அதிகமாக நடப்பது பின்மோதல் என்பதை நினைவில் வைத்துக் கழற்றுவதே மேல். பின்தாங்கி இல்லாத, தலையைவிடத் தாழ்ந்த அலங்கார வளையத்தைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. அது காப்பாற்றாது, காயப்படுத்த மட்டும் செய்யும். மூடிய கூரைதான் மனத்துக்கு நிம்மதி என்பவருக்கு எம்ஜிபி ஜிடி காத்திருக்கிறது; பல நேரங்களில் விலையும் குறைவு.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வளையம் இருப்பதும் மாற்றம், போட்டிருந்ததாகப் பதிவான வளையத்தை எடுப்பதும் மாற்றம்.

கழற்றும்போது போல்ட்டுகளை அறுக்காமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்துத் திருகி எடுப்பது நல்லது. கம்பளத்துக்கு அடியில் உள்ள வலுவூட்டுத் தகடுகளை அப்படியே விட்டுவிடலாம். பின்னால் வருபவருக்கு உதவும். துளைகளை ரப்பர் அடைப்பான் கொண்டு மூடாவிட்டால் சக்கரத் தண்ணீர் உள்ளே ஏறும். பின்தாங்கிகளுக்காகப் பின்பெட்டியின் தரையில் புதிதாகத் துளையிட நினைப்பவர்கள், எம்ஜிபியின் பெட்ரோல் தொட்டி அந்தத் தரைக்கு நேர் கீழேதான் தொங்குகிறது என்பதை டிரில்லைக் கையில் எடுக்கும் முன் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றிய வளையத்தைப் போல்ட்டுகளோடு ஒரு சாக்கில் கட்டி, எந்தக் காரிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி வைத்தால், காரை விற்கும் நாளில் வாங்குபவரிடம் சேர்த்துக் கொடுக்கலாம்.